வண்டிப்பாதை பத்திரத்தில் ஏறியிருக்கிறதா?

2018 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமைக் காலை. விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், தார்ச்சாலை முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு அப்பாவை வீடியோவில் அழைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது ராத்திரி எட்டரை மணி. முழங்கால் உயரத்துக்குப் பனி. போனைத் திருப்பி எதிரே இருந்த மலைச்சரிவைக் காட்டினேன்.

"நாப்பது ஏக்கர்ப்பா. முழுக்க ஓக் மரம். கண்ணுக்கு எட்டின தூரம் வீடே கிடையாது. மான் சாயங்காலமானா கூட்டமா இறங்குதாம்."

அப்பா மரத்தைப் பார்க்கவில்லை. "நீ நிக்கிற எடத்துக்கும் அந்தக் காட்டுக்கும் நடுவுல கெடக்கிறது யாரு நெலம்?"

"பக்கத்துப் பண்ணைக்காரர் நெலம். அவரு வழி விடுவாராம்."

"விடுவாராம்கிறது பேச்சு. வண்டிப்பாதை பத்திரத்துல ஏறியிருக்கா தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் கரிசல் காட்டுக்குப் போகிற பாதை அடுத்தவர் பிஞ்சை வழியாகத்தான் போனது. தாத்தா காலத்து வாய்ப்பேச்சு. அந்த நிலம் கைமாறியதும் புதிதாக வந்தவர் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். பதினோரு வருடம் கேஸ் நடந்தது. அந்த வருடங்களில் வெடித்த பருத்தியை அம்மாவும் அத்தையும் தலைச்சுமையாக வரப்பில் கொண்டுவந்தார்கள். ஆகவே அப்பா ஒரு நிலத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதற்குள் போகிற வழிதான்.

மாநிலத் தலைநகர் மேடிசனில் வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வேட்டை எனக்குப் பழக்கமானது உடன் வேலை பார்த்த ஒருவரால். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பிறந்து வளர்ந்த எனக்கு மானைக் கொல்வது என்பது போலீஸ் சம்பந்தப்பட்ட விஷயம். இங்கே நிலைமை வேறு. மாநிலத்தின் மக்கள்தொகை அறுபது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டுதோறும் துப்பாக்கி மான்வேட்டைக்கு உரிமம் எடுக்கிறார்கள். நவம்பரில் வரும் நன்றியறிதல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் அந்த வேட்டை. அந்த வாரம் அலுவலகம் பாதி காலி. 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து நானும் அந்த வகுப்பை முடித்தேன்.

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. நண்பரின் துப்பாக்கியைச் சும்மா வாங்கிப் பார்ப்பதுகூட வம்பில் போய் முடியலாம். வக்கீலிடம் கேட்காமல் தொடாதீர்கள். கிரீன் கார்டு வரும்வரை நான் துப்பாக்கியைத் தொடவில்லை. 2014இல் மாநிலம் கிராஸ்போவை, அதாவது துப்பாக்கி மாதிரி விசை இழுத்து அம்பு விடும் வில்லை, எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதை வைத்துத்தான் தொடங்கினேன்.

அந்தப் பிப்ரவரி நிலத்துக்கு வருகிறேன். விற்பனை முகவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். "இங்கெல்லாம் அக்கம்பக்கம் அப்படித்தான், யாரும் தடுக்க மாட்டார்கள்" என்றார். அப்பாவின் கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால் டைட்டில் கம்பெனியின் அறிக்கை வரும்வரை கிரயத்தை முடிக்கவில்லை. நம் ஊர் வில்லங்கச் சான்றின் இடத்தில் இங்கே டைட்டில் இன்சூரன்ஸ் இருக்கிறது. பழைய பத்திரங்களை ஒரு கம்பெனி தேடிப் பார்த்து, "இந்த உரிமைக்கு நாங்கள் பொறுப்பு" என்று காப்பீடு தருகிறது. அதற்கு முன்னால் ஓர் உறுதிமொழி அறிக்கை கொடுப்பார்கள். அதன் கடைசிப் பகுதியில், எதற்கெல்லாம் தாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு விதிவிலக்குப் பட்டியல் இருக்கும். எல்லோரும் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். உயிர் இருப்பது அந்தக் கடைசிப் பகுதியில். மின்கம்பிக்கு விட்ட பாத்தியம், யாரோ எப்போதோ தனியாகப் பிரித்து வைத்துக்கொண்ட கனிம உரிமை, எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். என் அறிக்கையில் ஏழாவது வரி: பொதுச்சாலையிலிருந்து இந்தச் சொத்துக்குச் சட்டப்படியான பாதை இல்லாமைக்குக் காப்பீடு இல்லை.

அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தது. நிலத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதச் சொன்ன வக்கீலுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுத்த பணத்தைப் போல உருப்படியாக இந்த நாட்டில் வேறெதற்கும் நான் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் தேடினேன். அப்போது புரிந்தது: நாம் காசு கொடுத்து வாங்க நினைக்கிற தனிமை பெரும்பாலும் சாலைக்குத் தூரத்தில்தான் கிடைக்கும். சாலைக்குத் தூரம் என்றால் நடுவில் யாருடைய நிலமோ இருக்கும். ஒதுக்குப்புறமான இடம் தேடுகிற எவரும் இந்த முடிச்சைத் தவிர்க்க முடியாது. பாதை அகலம் எத்தனை அடி, வண்டி போகலாமா நடக்க மட்டுமா, மரம் வெட்டி லாரியில் ஏற்றலாமா, சரளை கொட்டும் செலவு யாருடையது, நிலத்தை விற்றால் வாங்குபவருக்கும் அந்த உரிமை போகுமா என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் வருடத்துக்குப் பத்து முறை போவீர்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவர் அங்கேயே குடியிருக்க நினைப்பார். பாதை அதையும் தாங்க வேண்டும்.

இந்த மேற்கு மூலையை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றும் சொல்ல வேண்டும். கடைசிப் பனியுகத்தில் வட அமெரிக்காவின் இந்தப் பகுதியைச் சுற்றிலும் பனிப்பாறைகள் நகர்ந்து மேடுகளைத் தேய்த்துச் சமன்படுத்திவிட்டன. விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, இல்லினாய் நான்கும் சேரும் இந்தத் துண்டை மட்டும் அவை தொடவில்லை. டிரிஃப்ட்லெஸ் என்கிறார்கள். அதனால் இங்கே முகடும் பள்ளமும் அப்படியே நிற்கின்றன. அடிவாரத்தில் குளிர்ந்த ஊற்றோடைகள், சரிவில் ஓக் காடு, முகட்டின் மேல் வயல். வெள்ளைவால் மானுக்கு உணவும் ஒதுக்கிடமும் தண்ணீரும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிற ஊர் இது. முதல்முறை இந்தப் பக்கம் வந்தபோது எங்கள் ஊர்ப்பக்கச் செண்பகத்தோப்பு மலையடிவாரம்தான் நினைவுக்கு வந்தது.

இந்த மேடுபள்ளத்தின் மேல்தான் 1785இல் போட்ட சட்டத்தின்படி சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மைல் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதில் கால்பங்கு 160. அதில் கால்பங்கு 40. பத்திரத்தில் நம் ஊர்ப் பாணியில் நான்கெல்லை எழுதுவதில்லை. "தென்மேற்குக் கால்பாகத்தின் வடகிழக்குக் கால்பாகம்" என்று ஒரே வரியில் நிலம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் 1,320 அடி. கோடு ஓடையையும் பார்க்காது, பாறையையும் பார்க்காது. எனவே வரைபடத்தில் அழகாக இருக்கும் நாற்பது, காலால் நடந்தால் வேறாக இருக்கும். நான் பார்த்த ஒரு நிலத்தில் முக்கால் பங்கு, ஏறவே முடியாத வடக்குச் சரிவு.

நிலம் பார்க்க எது சரியான மாதம் என்று கேட்டால் மார்ச் கடைசி என்பேன். விற்பவர்கள் அக்டோபரில் காட்டுவார்கள். இலையெல்லாம் சிவந்து கிடக்கையில் எந்தக் காடும் மனசைப் பறிக்கும். மார்ச்சில் பனி உருகி, புல் முளைக்கும் முன், நிலம் எலும்பும் தோலுமாகக் கிடக்கும். குளிர்காலம் முழுக்க மான்கள் நடந்த தடங்கள் ஈர இலைச்சருகில் கயிறு போட்டமாதிரி தெரியும். ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டையுரித்த மரங்கள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். உரிந்த இடம் வழவழவென்றிருக்கும், ஓரத்தில் பட்டை நாராகத் தொங்கும். இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்த கணவாயில் தடங்கள் எல்லாம் ஒன்றுகூடும். நீர் எங்கே தேங்குகிறது, கார் எங்கே புதையும் என்பதும் மார்ச்சில்தான் தெரியும்.

2019 மார்ச்சில் அப்படிப் பார்த்த நிலத்தைத்தான் வாங்கினேன். ஏக்கருக்கு 4,200 டாலர். வெற்று நிலத்துக்கு வங்கிகள் வீட்டுக்கடன் மாதிரி கொடுப்பதில்லை. முன்பணம் அதிகம், வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு. கிராமப்புறக் கடன் கூட்டுறவு ஒன்றில் வாங்கினேன். மனைவிக்கு ஆரம்பத்தில் இதில் விருப்பமில்லை. வீட்டுக்கடனே முடியாதபோது காடு எதற்கு என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். வருடத்துக்கு இரண்டு விடுமுறைப் பயணத்தை விட்டுக்கொடுத்துத்தான் இந்தத் தவணை கட்டுகிறோம்.

சாலையிலிருந்து காட்டு விளிம்புவரை இருபது அடி அகலத்தில், பக்கத்துப் பால்பண்ணைக்காரரின் வயல் நடுவே ஒரு பாதை. 1950களில் பதிவான பத்திரத்தில் அது இருக்கிறது. அவர் வயல், சரிவின் வளைவுக்கு ஏற்ப மக்காச்சோளம் ஒரு பட்டை, குதிரைமசால் ஒரு பட்டை என்று கோடுகோடாக ஓடும். மண் அரிப்பைத் தடுக்கும் இந்தமாதிரி வேலைகளை ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்குமாகச் சேர்த்துச் செய்த நாட்டின் முதல் திட்டம், 1933இல் இந்த வட்டாரத்தில் கூன் வேலி (Coon Valley) என்ற ஊரில்தான் நடந்தது. அவருடைய அப்பா அந்தக் காலத்தில் உழவைத் திருப்பிப் போட்டவர்களில் ஒருவராம்.

வாங்கின நிலத்துக்கு ஒரு பழைய ஒப்பந்தமும் ஒட்டிக்கொண்டு வந்தது. நிர்வகிக்கப்படும் காடு என்று 1985இல் ஒரு சட்டம். காட்டை 25 அல்லது 50 வருடத்துக்குத் திட்டப்படி பராமரிக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் சொத்துவரி வெகுவாகக் குறையும். பொதுமக்கள் வேட்டையாட, மீன்பிடிக்க, நடக்கத் திறந்துவிட்டால் இன்னும் குறையும். மூடிவைத்தால் கூடுதலாகக் கட்ட வேண்டும். நடுவில் வெளியே வந்தால் அபராதம். தனிமைக்காக நிலம் வாங்கிவிட்டு, அது பொதுமக்களுக்குத் திறந்தது என்று பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்களில் இது முக்கியமானது.

முதல் வருடம் நான் செய்த தப்பு, காட்டுக்குள் அதிகமாக நடந்துதிரிந்ததுதான். என் நிலம் என்ற சந்தோஷத்தில் வாராவாரம் மூலைமுடுக்கெல்லாம் சுற்றினேன். நவம்பரில் பரணில் ஒன்பது நாளும் உட்கார்ந்தேன். ஒரு மான் வரவில்லை. பால்பண்ணைக்காரர் சொன்னார்: "நீங்கள் அவற்றின் படுக்கையறையில் நடந்திருக்கிறீர்கள்."

மானின் கண் நமக்கு அவ்வளவு பெரிய எதிரி இல்லை. நாம் பாதுகாப்புக்காகச் சட்டப்படி போடுகிற பளீர் ஆரஞ்சு நிறம் அதற்கு ஆரஞ்சாகத் தெரியாது. சிவப்பைப் பிரித்தறியும் செல் அதன் கண்ணில் கிடையாது. ஆனால் மூக்கு இருக்கிறதே! மலைச்சரிவில் காற்றுக்கு ஒரு நடை உண்டு. வெயில் ஏறினால் சூடான காற்று சரிவின் மேலே போகும். பொழுது சாய்ந்தால் குளிர்ந்து, ஓடைத் தண்ணீர் மாதிரி கீழே வழியும். காலையில் பள்ளத்தில் உட்கார்ந்தவனின் வாடை முகட்டில் படுத்திருக்கும் மானுக்குப் போய்ச் சேரும். ஆகையால் எங்கே உட்காருவது என்பதைவிட, எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புவது என்பதுதான் பெரிய கணக்கு. இப்போது என் நாற்பதில் பதினைந்து ஏக்கர் தெற்குச் சரிவுக்குள் வருடத்தில் ஒரே ஒருநாள்தான் கால் வைக்கிறேன், மார்ச்சில். மற்றபடி அது மானுக்கு விட்டது. அதை அப்படி விட்ட பிறகுதான் மான் பகலில் நடமாட ஆரம்பித்தது.

ஒரு விஷயத்தை மென்று விழுங்காமல் எழுத வேண்டும். 2004 நவம்பரில் இந்த மாநிலத்தின் வடக்கே, சாயர் கவுண்டியில், அடுத்தவர் நிலத்துப் பரணில் ஏறி இருந்த தென்கிழக்காசிய ஹ்மாங் இனத்து வேட்டைக்காரர் ஒருவருக்கும் நிலத்துக்காரர்களின் கூட்டத்துக்கும் வாக்குவாதம் மூண்டது. அவர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். இனத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். ஆயுள்தண்டனை கிடைத்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில், ஆசிய முகம் உள்ள எவரும் காட்டில் துப்பாக்கியோடு நடப்பது சங்கடமாகிப்போனது. என் நிறத்தவன் ஒருவன் இருட்டில் காட்டோரம் நடந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எனக்கு இன்றைக்கும் உண்டு. அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும் எல்லையைத் தொடும் நான்கு வீடுகளுக்கும் நானும் மனைவியும் முறுக்குப் பொட்டலத்தோடு போகிறோம். என் வண்டி எது, எந்த நாட்களில் வருவேன், பரண் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறோம். அடிபட்ட மான் எல்லை தாண்டி விழுந்தால், இங்கே அனுமதியில்லாமல் உள்ளே போய் எடுக்க முடியாது. நால்வரும் போன் நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

கறியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2002இல் மேடிசனுக்கு மேற்கே மான்களிடம் நாட்பட்ட தேய்வு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதுதான் முதல்முறை. பிரியான் என்ற உருக்குலைந்த புரதம் மூளையை அரிக்கிற நோய். மருந்து கிடையாது. மனிதருக்குப் பரவியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பது சுகாதாரத் துறையின் அறிவுரை. மாநிலம் இலவசமாகப் பரிசோதிக்கிறது. தலையைக் கழுத்தோடு வெட்டி, சீட்டு கட்டி, சாலையோரப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். முடிவு வரும்வரை கறி பிரீசரில் இருக்கும். 2021இல் எனக்குக் கிடைத்த கொழுத்த ஆண் மான், பார்க்க ஒரு குறையும் இல்லாதது. பன்னிரண்டாம் நாள் போனில் செய்தி வந்தது: நோய் உண்டு. மகள் மிளகு வறுவலுக்குக் காத்திருந்தாள். ஐம்பது பவுண்டு கறியைக் குப்பைக்கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஓர் உயிரை எடுத்தும் உண்ணாமல் போன வருத்தத்தில் அந்த வருடம் மறுபடி வேட்டைக்குப் போகவில்லை.

வேட்டை வருடத்தில் சில நாட்கள்தான். மீதி நாட்களில் அந்த நிலம் மகளுடையது. மே மாதம் செத்த எல்ம் மரத்தடியில் மோரல் காளான் தேடுவாள். திரும்பியதும் காலுறையை அவிழ்த்து உண்ணி ஏறியிருக்கிறதா என்று விரல் இடுக்குவரை பார்ப்போம். உண்ணி பரப்பும் லைம் நோய் இங்கே அதிகம். ஆஷ் மரங்கள் வண்டரித்துச் சாகின்றன. 2008இல் மாநிலத்துக்கு வந்த மரகதத் துளைப்பான் வண்டு எங்கள் சரிவுக்கும் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக் மரத்தில் வெட்டுக்காயம் பட்டால் வாடல் நோய் ஏறும் என்பதால் அந்த மாதங்களில் அரிவாள் எடுப்பதில்லை. இங்கிருந்து கிழக்கே, பாராபூ பக்கத்தில், 1935இல் ஆல்டோ லியபோல்ட் என்ற வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியர் வேட்டைக்குத் தங்க ஓர் இடம் வேண்டுமென்று தேய்ந்துபோன ஒரு பண்ணையை வாங்கினார். இருந்த ஒரே கூரை கோழிக்கொட்டகை. வாங்கின பிறகு அவரும் பிள்ளைகளும் அங்கே ஆயிரக்கணக்கில் பைன் நட்டார்கள். 1948இல் பக்கத்து நிலத்தில் பற்றிய தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைத்து இறந்தார். அந்தக் கொட்டகையைப் பார்க்க மகளைக் கூட்டிப்போயிருக்கிறேன்.

பழைய பத்திரங்களைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் கடைசியில் அரசாங்கம் விற்ற பட்டாவில் நிற்கும். அதற்கும் முன்னால் இது ஹோ-சங்க் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1837 ஒப்பந்தத்தில் அது அவர்கள் கையைவிட்டுப் போனது. மேற்கே துரத்தித் துரத்தி அனுப்பியும் அவர்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். கிக்கபூ ஆற்றங்கரையில் லா ஃபார்ஜ் ஊருக்கு மேலே, அணை கட்டுவதாக நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களை அரசு காலிசெய்ய வைத்தது. 1975இல் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டது. கான்கிரீட் கோபுரம் மட்டும் தண்ணீரில்லாமல் நிற்கிறது. அந்த நிலத்தை இப்போது மாநிலமும் ஹோ-சங்க் மக்களும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். கிரயம் முடிந்து சாவி வாங்கின அன்று மனசுக்குள் இருந்த "என் நிலம்" என்ற சத்தம், அந்தக் கோபுரத்தின் கீழே நின்றபோது அடங்கியது.

2022 அக்டோபரில் அப்பா வந்தார். அம்மா போன பிறகு முதல் பயணம். காட்டைப் பார்க்கலாம் என்றதும் வேட்டியை மடித்துக் கட்டி, மேலே என் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எல்லைக் குழாய் எங்கே என்று கேட்டார். வடகிழக்கு மூலையில் சர்வேயர் அடித்த இரும்புக் குழாயைச் சருகை ஒதுக்கிக் காட்டினேன். குனிந்து அதன் தலையில் உள்ளங்கையை வைத்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. தலையாட்டினார்.

சாயங்காலம் வயலோரத்தில் படிவைத்த தாழ்ந்த பலகைப் பரணில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வில்லைக் கொண்டுவரவில்லை. காற்று முகட்டிலிருந்து எங்கள் முகத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. கம்மங்காட்டில் தாத்தா பரண் போட்டுப் பன்றி விரட்டிய கதையை அப்பா குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்திவிட்டு என் முழங்கையைப் பிடித்தார்.

ஒரு பெண் மான், பின்னால் இரண்டு குட்டிகள். சோளத் தட்டைக்குள் நுழையாமல், புல் முளைத்த அந்த இருபது அடிப் பாதையின் நடுவே, சக்கரம் பதிந்த தடத்தில் கால் மாற்றிக் கால் வைத்துச் சாலைப்பக்கம் நடந்தன.

"பாதையிலதான் வருது பாரு," என்றார் அப்பா. "வயல்ல எறங்கவே இல்ல."

அவை போய் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு அவை போன பக்கம் போகாமல், ஓடை வழியாகச் சுற்றிக்கொண்டு காருக்கு வந்தோம். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.